கிளாரினெட் சரியாக ஒலிக்கவில்லையா? கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பி ஃபிளாட் கிளாரினெட் வாசிக்கும் பிள்ளைகளுக்கும், காசு கொடுத்து வாங்கிக் கொடுத்துவிட்டு இது ஏன் இப்படிக் கத்துகிறது என்று யோசிக்கும் பெற்றோருக்கும் எழுதியது. பாடசாலை பாண்டில் சாதாரணமாகப் புழங்கும் 17 கீயும் (விரலால் அழுத்தும் உலோக நெம்பு) விரல் துளையைச் சுற்றி 6 வளையமும் உள்ள கிளாரினெட்டைத்தான் மனதில் வைத்திருக்கிறேன். சொல்லியிருப்பவற்றில் அநேகமானவை வீட்டு மேசையில், மெல்லிய கடதாசி, சின்ன ஸ்க்ரூ டிரைவர், கொஞ்சம் பொறுமை இருந்தால் செய்யக்கூடியவை.

மகள் ஒரு வருடமாக வாசிக்கிறாள், சத்தம் இன்னும் அடைத்த மாதிரியே இருக்கிறது. நல்ல மௌத்பீஸ் வாங்கினால் சரியாகுமா?

ஆகலாம், ஆனால் அதில் தொடங்க வேண்டாம். பாடசாலை ஸ்டோர் ரூமில் கிடந்து, பெரிய வகுப்புப் பிள்ளையிடமிருந்து சின்ன வகுப்புப் பிள்ளைக்குக் கைமாறி வரும் கிளாரினெட்டில் முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றுக் கசிவைத்தான். ஏதோ ஒரு பேட், அதாவது கீயின் அடியில் இருந்து துளையை மூடும் மெத்தை, முழுதாக மூடவில்லை என்றால், அதற்குக் கீழே வரும் சுரங்கள் எல்லாம் அடைத்துக்கொண்டு வரும். பிள்ளை என்ன செய்யும்? மௌத்பீஸில் கட்டியிருக்கும் நாணல் துண்டான ரீட்டைக் கடிக்கும், விரலை அமுக்கும், தோளை உயர்த்தும், அப்புறம் எல்லாரும் சேர்ந்து "வாய் வைக்கிற முறை பிழை" என்று அந்தப் பிள்ளையையே குறை சொல்வார்கள். கசிவு இருக்கும் வாத்தியத்தில் எவ்வளவு விலை கொடுத்த மௌத்பீஸைச் செருகினாலும் ஆகக் கீழ்ச் சுரமான கீழ் ஈ மூக்கடைத்த மாதிரிதான் வரும்.

சரி, கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு சோதனை. முதலாவது உறிஞ்சிப் பார்ப்பது. மேல் பாகத்தை மட்டும் தனியாக எடுங்கள். இடக்கை மூன்று விரலாலும் முன்துளைகளை மூடி, பெருவிரலால் பின்துளையை மூடி, கீழ் முனையை வலது உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு மேல் முனையில் வாய் வைத்து உறிஞ்சுங்கள். உள்ளே வெற்றிடம் பிடித்து நாலைந்து விநாடி நின்றால் நல்லது. உடனே "உஸ்" என்று காற்று ஏறினால் எங்கோ ஓட்டை. கீழ் பாகத்துக்கும் அதே மாதிரிதான், ஆனால் வலக்கை விரல்களோடு சின்ன விரலால் ஈ கீயையும் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் கீழே இருக்கும் இரண்டு பெரிய பேட்களும் திறந்தே இருக்கும்.

கசிவு இருக்கிறது என்று அது சொல்லும், எங்கே என்று சொல்லாது. அதற்குக் கடதாசி. சிகரெட் தாள்தான் வழக்கம். கிடைக்காவிட்டால் வெசாக் கூடு கட்டவும் பட்டம் ஒட்டவும் புத்தகக் கடைகளில் விற்கும் டிஷூ கடதாசி போதும், வெள்ளையை மட்டும் வாங்குங்கள், நிறத்தாள் ஈரம் பட்டால் பேட்டில் சாயம் இறக்கும். அரை சென்றிமீற்றர் அகலத்தில் ஒரு கீற்று வெட்டி, பேட்டின் ஓரத்துக்கு அடியில் நுனியை மட்டும் வைத்து, கீயை அதன் ஸ்பிரிங் மூடும் அளவுக்கே விட்டுவிட்டு மெதுவாக இழுங்கள். விரலால் மூடும் கீயானால் இறகு மாதிரித் தொட்டால் போதும். முன், பின், இடம், வலம் என நாலு பக்கமும் ஒரே மாதிரிப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தால் கசிவு அங்கேதான். இங்கே பலர் கீயை நன்றாக அமுக்கிக்கொண்டு இழுக்கிறார்கள், அப்படி அமுக்கினால் எந்த ஓட்டைப் பேட்டும் கடதாசியைப் பிடிக்கும்.

கீழ் ஈயும் நீள பியும் இரண்டு கைச் சின்ன விரல்களையும் சேர்த்து அழுத்தினால்தான் வருகின்றன. ஏன்?

நீள பி என்றால் கீழ் ஈயின் அதே விரல்களோடு ரெஜிஸ்டர் கீயையும், அதாவது ஒரே தாவலில் மேல் சுரத்துக்குக் கொண்டுபோகும் பெருவிரல் கீயையும், அழுத்தி வாசிப்பது. கீழ் பாகத்தில், பெல்லுக்கு, அதாவது அடியில் விரியும் வாய்க்கு, பக்கத்தில் இருப்பது ஈ பேட், அதற்கு மேலே இருப்பது எஃப் பேட். ஈ கீயை அழுத்தினால் இரண்டும் ஒரே நேரத்தில் மூட வேண்டும். அந்த வேலையைச் செய்வது காக்கைக் கால் வடிவில் இருக்கும் ஒரு சின்னத் துண்டு. அதில் ஒட்டிய தக்கை தேய்ந்துவிட்டால் ஒரு பேட் மூடும்போது மற்றது மயிரிழை திறந்து நிற்கும். கடதாசிக் கீற்றால் இரண்டையும் பாருங்கள். மேலே இருக்கும் எஃப் பேட் வழுக்கினால், காக்கைக் கால் அந்தக் கீயைத் தொடும் இடத்தில் ஒரு துண்டு கடதாசியைச் செருகி வாசித்துப் பாருங்கள். சில வேளை அந்த ஒரு துண்டிலேயே நீள பி மணி அடித்த மாதிரி வந்துவிடும். அப்புறம் அதே தடிப்பில் தக்கையோ மெல்லிய தோலோ ஒட்டலாம். மாறாக ஈ பேட்தான் வழுக்குகிறது என்றால் அங்கே தக்கை கூடிவிட்டது, நுண்ணிய சாண்ட் பேப்பரால் கொஞ்சம் தேய்க்க வேண்டும். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான், தேய்த்ததைத் திருப்பி ஒட்ட முடியாது.

நடுவில் இருக்கும் பிரிட்ஜ் கீக்கு என்ன வேலை?

இரண்டு பாகமும் சேரும் இடத்தில் மேல் வளையத்தையும் கீழ் வளையங்களையும் இணைப்பது அது. இடக்கைப் பெருவிரல், இடக்கை முதல் விரல், வலக்கை முதல் விரல் மட்டும் வைத்து ஈ ஃபிளாட் வாசியுங்கள், ரெஜிஸ்டர் கீயோடு அதுவே மேல் பி ஃபிளாட். தெளிவாக வந்தால் பிரிட்ஜ் சரி. மங்கலாகவோ சுருதி ஏறியோ வந்தால், கழற்றிப் பூட்டுவதற்கு முன் இரண்டு பாகத்தையும் ஒரு மயிரிழை திருப்பிப் பாருங்கள், பல நேரங்களில் அவ்வளவுதான் விஷயம். திருப்பியும் வரவில்லை என்றால் இடையில் இருக்கும் தக்கை தேய்ந்திருக்கும் அல்லது விழுந்திருக்கும், கடதாசித் துண்டு வைத்தால் தெரிந்துவிடும்.

பூட்டும்போது மேல் பாகத்து வளையத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பூட்டுங்கள், அப்போது பிரிட்ஜ் மேலே எழும்பி வழிவிடும். அழுத்தாமல் முறுக்கிச் செருகும் பிள்ளைகளின் வாத்தியத்தில் அந்தக் கீ வளைந்துதான் இருக்கும்.

மேலே ஏ கீயில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறது, அதைத் தொடலாமா?

தொடலாம், கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஏ கீயை மெதுவாகத் தட்டினால், பக்கத்து ஜி ஷார்ப் கீ அசைவதற்கு முன் ஒரு துளி ஆட்டம் இருக்க வேண்டும். அந்த ஆட்டம் இல்லை என்றால் ஸ்க்ரூ இறங்கி இறுகிவிட்டது, இரண்டு பேட்களில் ஒன்று சரியாக மூடாது, மேலே கசிவதால் முழுக் கிளாரினெட்டும் அடைத்துப் போகும். வாத்தியம் திடீரென்று ஒரே நாளில் கெட்டுப்போனால் இந்த ஸ்க்ரூவை முதலில் பாருங்கள். யாராவது வீட்டில் "லூஸாக இருக்கிறதே" என்று இறுக்கியிருப்பார்கள்.

கொழும்பில் பியானோவோடு வாசித்தால் எப்போதும் என் சுருதி ஏறியே நிற்கிறது. வாத்தியம் பிழையா?

வாத்தியம் பிழை இல்லை, வெயில். காற்று சூடாகச் சூடாக அதில் ஒலி வேகமாகப் போகும், துளை வாத்தியத்தின் சுருதி ஏறும். கணக்குப்படி ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் கிட்டத்தட்ட 3 சென்ட், 100 சென்ட் என்றால் அரைச் சுரம். உள்ளே நம் மூச்சுச் சூடு ஏற்கெனவே இருப்பதால் நடைமுறையில் அவ்வளவு முழுதாக வராது, ஆனால் பகலில் 30, 31 பாகைக்குப் போகும் ஊரில், குளிர்ந்த நாட்டு அறைக்காகச் செய்த கிளாரினெட் ஏறி நிற்பது அதிசயம் இல்லை. அதோடு ஐரோப்பாவில் பலர் ஏ சுரத்தை 442 ஹெர்ட்ஸில் வைத்து வாசிப்பதால் வாத்தியங்களும் மௌத்பீஸ்களும் அதற்கேற்ப வருகின்றன, நம் பியானோ 440இல் இருந்தால் தூரம் இன்னும் கூடும். வாண்டோரன் கம்பனி மௌத்பீஸ்களில் 13 சீரிஸ் என்று போட்டு வருபவை 440க்காகச் செய்தவை, சாதாரண வகை 442க்கு. மௌத்பீஸ் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் இதையும் யோசியுங்கள்.

சரிசெய்யும் முறைக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. பத்து நிமிடம் வாசித்துச் சூடாக்கிய பிறகு டியூனரை வையுங்கள், எடுத்த கையோடு வைத்தால் அது சொல்வது பொய். முதலில் எந்த விரலும் வைக்காத திறந்த ஜி. ஏறியிருந்தால் பரலை, அதாவது மௌத்பீஸுக்கும் மேல் பாகத்துக்கும் இடையில் இருக்கும் குட்டைக் குழாயை, ஒரு மில்லிமீற்றர் வெளியே இழுங்கள். பரலை இழுப்பது தொண்டைச் சுரங்களை, அதாவது ஜி, ஜி ஷார்ப், ஏ, பி ஃபிளாட்டை, மிக அதிகமாக இறக்கும், ஏனென்றால் அவற்றுக்குக் குழாயின் நீளம் குறைவு, ஒரு மில்லிமீற்றர் அங்கே பெரிய பங்கு. திறந்த ஜி நேராகிய பிறகும் ரெஜிஸ்டர் கீயோடு வாசிக்கும் நடு சி ஏறியிருந்தால், பரலை இன்னும் இழுக்காதீர்கள், இரண்டு பாகங்களும் சேரும் நடு மூட்டைக் கொஞ்சம் இழுங்கள். நீள பி மட்டும் ஏறியிருந்தால் பெல்லை. எல்லாவற்றையும் பரலிலேயே தீர்க்கப் பார்ப்பதால்தான் பலருக்குத் தொண்டைச் சுரம் இறங்கி, மற்றதெல்லாம் ஏறியபடியே கிடக்கிறது.

பரலை 2 மில்லிமீற்றருக்கு மேல் இழுக்க வேண்டி வருகிறதா? உள்ளே ஒரு பள்ளம் விழுந்து தொண்டைச் சுரங்கள் இன்னும் கோணலாகும். அந்த இடைவெளியில் போட மெல்லிய வளையங்கள் விற்கிறார்கள். எப்போதுமே இப்படித்தான் என்றால் நீளமான பரல் வாங்குவது நல்லது, பெரும்பாலும் 65 அல்லது 66 மில்லிமீற்றர் பரலோடு வாத்தியம் வரும், 67, 68உம் கிடைக்கும்.

வீட்டில் சரியாக இருந்தது, சோதனை அறையில் ஏசி போட்டிருந்தார்கள், சுருதி இறங்கிவிட்டது.

அப்படித்தான் ஆகும். முடிந்தால் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் இருந்து, சத்தம் வராமல் வாத்தியத்துக்குள் சூடான மூச்சை விட்டுக்கொண்டிருங்கள், பரலை உள்ளே தள்ளி டியூன் பண்ணுங்கள். வெளியே வராந்தாவில் பண்ணிய டியூனை நம்பி உள்ளே போகாதீர்கள்.

ரீட்டைப் பற்றிச் சொல்லுங்கள். 2 நல்லதா, 3 நல்லதா?

இலக்கம் ரீட்டின் கடினத்தைத்தான் சொல்கிறது, அதில் கௌரவம் பார்க்காதீர்கள். தொடங்கும் பிள்ளைக்கு 2 அல்லது 2½ போதும். ஒரு கம்பனியின் 2½ இன்னொரு கம்பனியின் 2½ அல்ல, வாண்டோரன் பொதுவாக ரிக்கோவை விட அதே இலக்கத்தில் கடினம். மௌத்பீஸின் வாய் அகலமாக இருந்தால் மெல்லிய ரீட், ஒடுங்கியிருந்தால் தடித்த ரீட், இதுதான் அடிப்படை.

ஆனால் புதுப் பெட்டி வாங்குவதற்கு முன், இருக்கும் ரீட்டை எங்கே வைக்கிறீர்கள் என்று பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ரீட்டின் நுனிக்கு மேலே மௌத்பீஸின் கறுப்பு ஓரம் ஒரு மயிரிழை தெரிய வேண்டும், இடம் வலம் சமமாக. ரீட் மெல்லியதாகித் தொங்கினால் அதை மயிரிழை மேலே ஏற்றுங்கள், கொஞ்சம் கடினமாகும். தடித்ததாக இருந்தால் மயிரிழை கீழே. இந்த ஒரு மயிரிழைக்காகத்தான் பலர் அரை இலக்கம் மாற்றிப் புதுப் பெட்டி வாங்குகிறார்கள். லிகேச்சரின், அதாவது ரீட்டை மௌத்பீஸோடு கட்டும் பட்டியின், கீழ் ஸ்க்ரூவைப் பிடிமானமாகவும் மேல் ஸ்க்ரூவைத் தளர்வாகவும் வையுங்கள், இரண்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினால் ரீட் அதிர இடமில்லை.

வாசிக்கும்போது மௌத்பீஸை வாயில் கொஞ்சம் இடப்பக்கம் சரித்து ஊதுங்கள், அப்புறம் வலப்பக்கம். ஒரு பக்கம் சுலபமாகவும் மற்றது அடைத்தும் வந்தால், அடைத்த பக்கத்து ஓரத்தை 600 இலக்கச் சாண்ட் பேப்பரால் இரண்டு மூன்று தரம் தடவிவிட்டு மறுபடி ஊதிப் பாருங்கள். நுனியைத் தொடாதீர்கள். ரீட்டின் தட்டையான அடிப்பக்கம் ஈரத்தில் வளைந்திருந்தால், கண்ணாடித் துண்டின் மேல் அதே சாண்ட் பேப்பரை விரித்துத் தட்டையாகத் தேய்க்கலாம்.

ரீட் என்பது பெரும்பாலும் பிரான்ஸின் தெற்கே வார் பகுதியில் விளையும் ஒரு நாணலில் செய்தது, அதற்குக் கொழும்பு ஈரப்பதன் ஒத்துக்கொள்ளாது. 75, 80 சதவீதம் இங்கே சாதாரணம். வாசித்து முடித்து ஈரத்தோடு அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் தள்ளிப் பெட்டியை மூடினால், இரண்டொரு நாளில் சாம்பல் நிறப் புள்ளி போடும். அது பூஞ்சணம், வாயில் வைக்கிற சாமான், எறியுங்கள். தண்ணீரில் கழுவி, துடைத்து, கண்ணாடியில் தட்டையாகக் கொஞ்ச நேரம் காயவிட்டு, காற்றோட்டம் உள்ள பெட்டியில் வையுங்கள். மூன்று நாலு ரீட்டை மாற்றி மாற்றி வாசித்தால் எல்லாமே நீண்ட நாள் வரும். இல்ல விளையாட்டுப் போட்டியில் வெயிலில் நின்று வாசிக்கும் பாண்ட் பிள்ளைகளுக்கு லெஜேர் போன்ற செயற்கை ரீட் நல்லது, காயாது, விலைதான் குத்தும்.

கீச் என்று கத்துகிறது, ரீட் பிழையா?

பாதி நேரம் விரல். துளை முழுதாக மூடாமலோ, விரலின் ஓரம் பக்கத்துக் கீயை உரசியோ இருக்கும். வாசித்து முடித்ததும் விரல் நுனியைப் பாருங்கள், துளையின் வட்டம் முழுதாகப் பதிந்திருக்கிறதா? அதில் ஒரு பக்கம் விட்டிருந்தால் அந்த விரல்தான் ஆள். எல்லாம் சரியாக இருந்தும் கத்தினால் ரீட்டின் நுனியில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

கீ ஒட்டிக்கொண்டு "சப்" என்று திறக்கிறது.

இனிப்பான பானம் குடித்துவிட்டு ஊதினால் அப்படித்தான். பால் தேத்தண்ணியும் அதில் சேர்த்தி. வாய் கொப்பளித்துவிட்டு வாசியுங்கள். ஒட்டிய பேட்டுக்கு அடியில் சிகரெட் தாளை வைத்து, மூடி, ஈரத்தை உறிஞ்ச விட்டு, திறந்து எடுங்கள். மூடியபடி இழுத்தால் பேட்டின் மெல்லிய தோல் கிழியும். முகப்பவுடர் போடச் சொல்வார்கள், போடாதீர்கள், ஈரத்தோடு சேர்ந்து பசையாகிவிடும்.

சில சுரங்களில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி "களகள" என்று கேட்கிறது.

துளையில் எச்சில் நீர் தேங்கியிருக்கிறது, அநேகமாக சி ஷார்ப் துளையிலோ மேலே ஏ துளையிலோ. அந்தக் கீயைத் திறந்து துளைக்குள் வேகமாக ஊதினால் நீர் உள்ளே போய்விடும், பேட்டைத் தாளால் ஒற்றுங்கள், அப்புறம் துணியை உள்ளே இழுங்கள். தடித்த துணியை மட்டும் இழுக்காதீர்கள், மேல் பாகத்துக்குள் ரெஜிஸ்டர் குழாய் நீட்டிக்கொண்டு நிற்கும், அதில் மாட்டிக்கொண்டால் மேலேயும் வராது கீழேயும் வராது.

மூட்டு இறுகிவிட்டது, அல்லது ஆடுகிறது.

இறுகினால் தக்கைக்குக் கிறீஸ், விரல் நுனியில் தொட்டுப் பூசும் அளவு. மர வாத்தியம் என்றால் ஈரத்தில் மரமே பெருத்திருக்கலாம், பலவந்தம் பண்ண வேண்டாம். ஆடினால், ஹாட்வெயார் கடையில் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்ற விற்கும் வெள்ளை டேப்பை ஒரு சுற்றுச் சுற்றினால் கச்சேரி முடியும் வரை தாங்கும். அது தற்காலிகம், தக்கையை மாற்றத்தான் வேண்டும்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடு. கீகள் சோம்பலாக எழும்புகின்றன.

காலி வீதிக்குக் கடல் பக்கமாக இருக்கும் வீடுகளில் ஜன்னல் கிறில் என்ன பாடு படுகிறது என்று பார்த்திருப்பீர்கள். கிளாரினெட்டின் ஊசி ஸ்பிரிங்குகள் அநேகமாக நீலமாக்கிய உருக்கு, அவையும் துருப்பிடிக்கும். ஊசி நுனியில் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் எடுத்து ஸ்பிரிங்கில் தொட்டுவிட்டு, மிச்சத்தைத் துடையுங்கள், பேட்டில் படக்கூடாது. அச்சுக் கம்பியின் இரு முனையிலும் அதே அளவு. ஸ்பிரிங் கொக்கியிலிருந்து நழுவியிருந்தால் அம்மாவின் குரோஷே ஊசியால் திருப்பி மாட்டலாம். ஸ்க்ரூக்கள் தானாகக் கழன்று வந்தால் இறுக்கிவிட்டு தலையில் ஒரு புள்ளி கியூட்டெக்ஸ், இது உலகம் முழுக்கச் செய்கிற வேலைதான்.

வலக்கைப் பெருவிரல் வலிக்கிறது.

பெருவிரல் தாங்கியில் ஸ்க்ரூ இருந்தால் ஏற்றி இறக்கிப் பாருங்கள், பெருவிரல் சுட்டுவிரலுக்கு நேரே வந்தால் பெரும்பாலும் ஆறுதலாக இருக்கும். ரப்பர் உறை போடுங்கள். சின்னப் பிள்ளைக்குக் கழுத்துப் பட்டி.

கர்நாடக சங்கீதம் வாசிக்கிறேன். எனக்கும் இதெல்லாம் தேவையா?

கசிவு விஷயம் உங்களுக்கு இன்னும் முக்கியம், விரலைப் பாதி திறந்து கமகம் இழுக்கும்போது கசியும் பேட் சுரத்தைக் குழப்பிவிடும். ஆனால் சுருதி விஷயத்தில் உங்களுக்கு ஒரு வசதி, வெயிலில் வாத்தியம் ஏறினால் தம்புரா மெஷினையும் அந்த அளவுக்கு ஏற்றிவிடலாம், பியானோவை அப்படி ஏற்ற முடியாது. திருச்சி ஏ.கே.சி. நடராஜனை, 2022இல் பத்மஸ்ரீ வாங்கிய "கிளாரினெட் எவரெஸ்ட்" அவர்தான், கேட்டால் இந்தக் கருவி எவ்வளவு வளையும் என்று தெரியும். வீட்டில் பழைய ஆல்பர்ட் முறைக் கிளாரினெட் கிடக்கிறது என்றால் குப்பை என்று நினைக்காதீர்கள். அதில் வளையங்கள் குறைவு, விரல் துளையின் மேல் தாராளமாகச் சறுக்கும். மேலே சொன்ன பிரிட்ஜ் கதை மட்டும் அதற்கு அப்படியே பொருந்தாது, விரல் முறையே வேறு.

எப்போது திருத்துபவரிடம் கொடுக்க வேண்டும்?

பேட்டின் தோல் கிழிந்தால், கீ வளைந்தால், மரத்தில் வெடிப்பு விட்டால். பேட்டைச் சூடுகாட்டி மறுபடி அமர்த்துவது பழகிய கைக்குச் சின்ன வேலை, பழகாத கை பிளாஸ்டிக் வாத்தியத்தை உருக்கிவிடும். "சரியில்லை" என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள், எந்தெந்தச் சுரம் வரவில்லை, எந்தப் பேட்டில் கடதாசி எந்தப் பக்கம் வழுக்கியது என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். திருப்பி எடுக்கப் போகும்போது உங்கள் மௌத்பீஸையும் நல்ல ரீட் ஒன்றையும் கொண்டுபோய், அங்கேயே கீழ் ஈயையும் நீள பியையும் வாசித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.